அரிவாளைத் தேடும் கண்கள்

பாட நூல்களிலும் சுவர்ப் படங்களிலும் ஒரு படத்தை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒரு பக்கம் வட்டமான இரத்தச் சிவப்பணு; மறுபக்கம் கதிர் அரிவாள் போல் வளைந்த சிவப்பணு. முன்னது நலம், பின்னது நோய் என்று படமே தீர்ப்புக் கூறிவிடுகிறது. எளிய படம்தான், ஆயினும் அது மாணவர் உள்ளத்தில் இரண்டு தவறான எண்ணங்களைப் பதிக்கிறது.

இராசிபுரத்தில் என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர் ஒரு நாள் முகம் வாடி வந்தார். தம் விரல் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார். பூச்சின் ஓரத்தில் நீண்டு வளைந்த அணுக்கள் தெரிந்தனவாம். அரிவாள் அணுச்சோகை தமக்கு இருப்பதாகவே அவர் முடிவு கட்டிவிட்டார்.

நானும் பார்த்தேன். நீண்ட அணுக்கள் யாவும் ஒரே திசையில் படுத்திருந்தன. நோயால் உருமாறிய அணுக்கள் இப்படி அணிவகுத்து நிற்பதில்லை. பல திசைகளிலும் சிதறிக் கிடக்கும். இது பூசிய கையின் இழுப்பு. தகட்டை நகர்த்தி, அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவியிருந்த பகுதிக்கு வந்ததும் எல்லாம் வட்டமாகவே இருந்தன. பூச்சு மெதுவாக உலர்ந்தால் அணுவின் விளிம்பில் முட்கள் தோன்றுவதும் உண்டு. சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரான். நல்ல நுண்ணோக்கி கால் மைக்ரான் இடைவெளியையும் பிரித்துக் காட்டும். எனவே கருவியைக் குறை கூற முடியாது.

"அப்படியானால் எனக்கு ஒன்றுமில்லை!" என்று மகிழ்ந்தார் மாணவர். படம் விதைத்த இரண்டாவது தவறு இதுதான்.

சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் அரிவாள் வடிவ அணுக்களை 1910இல் விவரித்தார். 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதைக் கண்டனர். மின்னூட்டமே மாறியிருந்தது. ஆக்சிஜன் நீங்கும்போது அம்மூலக்கூறுகள் கோல்களாக இணைந்து அணுவை வளைக்கின்றன. பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மரபணுவைப் பெற்றவரிடம் இருவகை ஹீமோகுளோபினும் உண்டு. அவர் பொதுவாக நலமாகவே இருப்பார். சாதாரணப் பூச்சில் அவர் அணுக்கள் வட்டமாகவே தெரியும்.

இது தொலைதூரச் செய்தியன்று. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இம்மரபுக்கூறு இருப்பதை லேமன், மேரி கட்புஷ் ஆகியோர் 1952இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். இத்தகைய மரபணுவைத் தாங்கிய இருவர் மணந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வட்ட அணுவை நம்பி ஏமாறுவதன் விலை இதுவே.

சோடியம் மெட்டாபைசல்பைட்டைச் சேர்த்து ஆக்சிஜனை நீக்கினால் மறைந்திருக்கும் வளைவு வெளிப்படும். ஆனால் நோயாளி, மரபணுவைத் தாங்குபவர் ஆகிய இருவரின் அணுக்களுமே அப்போது வளையும். அந்த வளைவைக் கண்டு, நலமாயிருப்பவரை நோயாளி என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறிந்தே இறுதி முடிவு கூற வேண்டும். 2047க்குள் இந்நோயை ஒழிக்கும் குறிக்கோளுடன் இந்திய அரசு 2023 ஜூலை 1இல் தொடங்கிய இயக்கத்தில், பழங்குடிப் பகுதிகளில் கோடிக்கணக்கானோர் பரிசோதிக்கப்படுகின்றனர். முடிவைக் கையில் வாங்கும் இளைஞருக்கு நோயாளி யார், மரபணுவைத் தாங்குபவர் யார் என்னும் வேறுபாடு புரிய வேண்டாமா?

ஆகவே அப்படத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும். மரபணுவைத் தாங்குபவரின் அணு ஆக்சிஜன் உள்ளபோது வட்டமாகவும், அது நீங்கியபின் வளைந்தும் இருப்பதை அதில் வரைந்து காட்டலாம். என் மாணவருக்கு அன்று கரும்பலகையில் வரைந்து காட்டியதும் அதைத்தான். ஐயம் இருந்தால் இரத்தப் பரிசோதனை நிலையத்தை நாடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.