புல்லா, ஜல்லியா?

பிரிட்டனில் குழந்தைகளோடு முகாம் மைதானம் தேடும் குடும்பம் பதிவின்போதே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இடம் புல்தரையில் வேண்டுமா, ‘ஹார்ட்ஸ்டாண்டிங்’ வேண்டுமா? மேல்மண்ணை வெட்டியெடுத்து, ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, உடைகல் கொட்டி இறுக்கி, மேலே பொடி ஜல்லி பரப்பிய தளம் அது. ஜல்லித்தளம் என்று சொன்னால் நமக்குப் புரியும்.

1901இல் தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்ற தையற்காரர் அந்த நாட்டின் முதல் முகாம் சங்கத்தைத் தொடங்கியபோது, உறுப்பினர்கள் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் புல்லே போதுமானதாக இருந்தது. இன்று கார் இழுத்துவரும் கேரவன் ஒன்றரை டன் இருக்கும். தானே ஓடும் வீட்டு வண்டியான மோட்டார்ஹோம் மூன்றரை டன்னைத் தொடும். பல மோட்டார்ஹோம்களில் இன்ஜின் விசை முன்சக்கரத்துக்குப் போகிறது, பாரமோ பின்பக்கம் அழுத்துகிறது. நனைந்த புல்லில் முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுழன்று குழி பறிக்கும். பிறகு டிராக்டரைக் கூப்பிட்டு இழுக்க வேண்டியதுதான். அந்தச் சக்கரத்தடம் ஆறப் பல வாரம் ஆகும். லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியின் சீத்வெயிட் போல ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடங்களில் ஜல்லித்தளத்தை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் நன்கு இறுக்கிய தளம் நனைந்த புல்லைவிட எளிது. குளிர்காலத்தில் மைதானம் திறந்திருப்பதும் பெரும்பாலும் ஜல்லித்தளத்தால்தான்.

ஆனால் கூடாரத்தோடு வரும் குடும்பத்துக்கு ஜல்லித்தளம் பகைதான். சாதாரண முளை இறங்காது, வளைந்துவிடும். தடித்த எஃகு முளையும் சுத்தியலும் வேண்டும். தரைவிரிப்பைக் கல் குத்தும். தளத்தின் அளவு வாகனத்துக்காக வகுக்கப்பட்டது. நாலைந்து பேர் படுக்கும் பெரிய கூடாரம் அதற்குள் அடங்காமல் போகலாம். ஓடி விளையாடும் குழந்தை விழுந்தால் முழங்கால் தப்பாது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கடைசிக் குறைதான் பெரியது. குழந்தைகள் வெறுங்காலோடு வெளியே ஓடத்தானே குடும்பம் முகாமுக்கே வருகிறது?

புல்லுக்கும் குறை உண்டு. காற்றுப் புகாத விரிப்பு சில நாள் கிடந்தால் அடியில் புல் பழுத்து மஞ்சளாகிவிடும். அதனால்தான் பல மைதானங்கள் காற்று புகும் விரிப்பை மட்டுமே அனுமதிக்கின்றன. புல்லுக்கு ஓய்வும் தர வேண்டும். அந்த நாட்களில் வருமானம் இல்லை.

இந்த விவாதத்தில் பலர் தவறவிடுவது மண்ணை. தென் இங்கிலாந்தில் சவுத் டவுன்ஸ் குன்றுகளின் சுண்ணாம்பு நிலம் மழைநீரை விரைவாக உறிஞ்சிவிடும். அங்கே புல்லை ஜல்லியால் மூடுவது பெரும்பாலும் வீண்செலவு. சற்று வடக்கே வீல்டு பகுதியின் களிமண்ணில் தண்ணீர் தேங்கி நிற்கும். அங்கே மழை வாரத்தில் புல்லை நம்பினால் வண்டி சிக்கும். ஆகவே எது மேல் என்ற பொதுக்கேள்விக்குப் பதிலே கிடையாது.

சட்டமும் புல்லின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. 2023 ஜூலை முதல் இங்கிலாந்தில் ஒரு நில உரிமையாளர், தனியாகத் திட்ட அனுமதி வாங்காமல், கூடாரங்களுக்கும் மோட்டார்ஹோம்களுக்கும் 50 இடங்கள் வரை ஆண்டில் 60 நாள் தரலாம். கேரவனுக்கு அந்தச் சலுகை இல்லை. சிறு விவசாயி வயலை வயலாகவே வைத்துக்கொண்டு கோடையில் நாலு காசு பார்க்கலாம். ஜல்லி கொட்டிய நிலத்தை மறுபடி புல்லாக்குவது எளிதல்ல.

நுழைவாயிலிலும் சக்கரம் ஓடும் தடத்திலும் மட்டும் பிளாஸ்டிக் வலைக்கட்டம் பதித்து, அதனூடே புல்லை வளரவிடும் முறையும் உண்டு. சரியாகப் பதிக்காவிட்டால் மேலே எழும்பிப் புல்வெட்டும் இயந்திரத்தில் மாட்டும். ஆனாலும் மைதானம் முழுவதையும் ஜல்லியாக்குவதைவிட இது நல்லது என்பது என் தீர்ப்பு.

மைதானம் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: கனமான வண்டிகளுக்கு வாயிலருகே ஜல்லித்தளம் போடுங்கள்; உள்ளே, தண்ணீர் வடியும் மேட்டுப்பக்கம், கூடாரங்களுக்கென்று புல்லை விட்டுவையுங்கள். பதிவு செய்யும் பெற்றோரே, விலையைக் கேட்கும் முன் அங்கே என்ன மண் என்று கேளுங்கள்.