கேட்டைத் தாண்டினால் ஒகினாவா

ஒகினாவாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் யோசிக்கவே யோசிக்காதீர்கள், பெட்டியைக் கட்டுங்கள். அமெரிக்க விமானப்படையில் இருக்கும் கணவரோடு ஊர் ஊராக வீடு மாற்றிப் பழகியவள் நான். எந்த ஊர் மேலும் எனக்கு இப்படிப் பைத்தியம் பிடித்ததில்லை. மேற்கே கிழக்குச் சீனக் கடல், கிழக்கே பசிபிக். தீவு ஒடுங்குகிற இடத்தில், ஒரு கடலை விட்டுக் கிளம்பிக் காரில் நாலு பாட்டுக் கேட்பதற்குள் மறு கடல் வந்துவிடும். ஒன்றில் சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு, இன்னொன்றில் விழுவதையும் அன்றைக்கே பார்க்கலாம்.

கடேனா விமானத் தளத்துக்குள் பள்ளிக்கூடம், சினிமா, டாலரில் மளிகை எல்லாமே உண்டு. ஆபத்தே அதுதான். வேலிக்குள்ளேயே காலத்தை ஓட்டிவிட்டு, "சின்னத் தீவு, போரடிக்குது" என்று சொல்லிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாவம்!

ஆகவே முதல் வேலை லைசென்ஸ். தளத்திலேயே எழுத்துத் தேர்வு வைப்பார்கள். இடப்பக்கம் ஓட்டவேண்டும் என்றதும் அமெரிக்கத் தோழிகளுக்குக் கை நடுங்கும். மதுரையில் ஸ்கூட்டி ஓட்டிய எனக்கு என்ன பயம்? போருக்குப் பின் அமெரிக்க நிர்வாகத்தில் வலப்பக்கம் ஓடிய தீவு இது. 1972-இல் ஜப்பானிடம் திரும்பிய பிறகும் அப்படியே ஓடி, 1978 ஜூலை 30 அன்று காலையில் தீவு மொத்தமும் இடப்பக்கம் மாறியதாம். மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட குட்டிக் கார் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய வண்டி இங்கே சந்துகளில் நுழையாது.

அந்தச் சந்துகளுக்காகவே இந்தத் தீவைக் கொண்டாடலாம். தெரு வந்து முட்டுகிற சுவரில் மூன்று எழுத்துப் பொறித்த ஒரு கல் பதித்திருப்பார்கள். இஷிகந்தோ என்று பெயர். கெட்ட ஆவி நேராகத்தான் ஓடும், திரும்பத் தெரியாது. இந்தக் கல்லில் மோதினால் அதன் பலம் போய்விடும் என்பது நம்பிக்கை. அட, நம் தெருக்குத்து! நாம் பிள்ளையாரை உட்காரவைக்கிற இடத்தில் இவர்கள் கல்லை வைக்கிறார்கள். இதைக் கேட்டதிலிருந்து கல் தேடுவதுதான் என் பிள்ளைகளுக்கு விளையாட்டு. யார் முதலில் பார்த்தார்கள் என்று பின்சீட்டில் அடிதடியே நடக்கும். கூரைமேல் வாய் திறந்தும் மூடியும் உட்கார்ந்திருக்கும் ஷீசா சிங்கங்களுக்குத் தனிக் கணக்கு. புயலுக்குப் பயந்து வீடெல்லாம் கான்கிரீட். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வேறு. யாருக்குத்தான் அந்நியமாகத் தோன்றும்?

சாப்பாட்டுக்கு வருவோம். கோயா என்றால் பாகற்காய். டோஃபு, முட்டை, பன்றியிறைச்சி சேர்த்து வதக்கினால் கோயா சாம்புரு. இறைச்சி இல்லாமல் போட்டுத் தரச் சொல்லி எத்தனை தட்டு காலி செய்திருப்பேனோ! மஞ்சள் போட்ட டீ கடையில் பாட்டிலில் கிடைக்கிறது. என் அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. கடற்திராட்சை என்று ஒரு பாசி உண்டு, வாயில் வைத்தால் சின்னச் சின்ன உப்பு முத்துகள் வெடிக்கும். டாக்கோ ரைஸையும் விட்டுவிடாதீர்கள். மெக்சிகோ டாக்கோவின் கறியையும் சீஸையும் சூடான சோற்றின்மேல் கொட்டி, மரீன் வீரர்களின் பசிக்காக 1984-இல் கின் ஊரில் தொடங்கிய பண்டம் அது. வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பவர்கள் சேர்ந்து சமைத்ததென்று இதைத்தான் சொல்லுவேன்.

வடக்கே மோட்டோபுவில் சுராவ்மி மீன் காட்சியகம். 75 லட்சம் லிட்டர் கடல்நீர், 60 சென்டிமீட்டர் தடிமனில் அக்ரிலிக் சுவர், அதன் பின்னால் சாவகாசமாக நீந்தும் திமிங்கலச் சுறா. என் சின்னவன் அதன் முன் தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே மாட்டேன் என்றான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஜனவரியில் அதே பக்கம் போனால் செர்ரிப் பூ. ஜப்பானில் மற்ற இடமெல்லாம் குளிரில் கிடக்கும்போது இங்கே அடர் இளஞ்சிவப்பில் மலை பூத்திருக்கும். மற்ற ஊர்களில் பூ தெற்கிலிருந்து வடக்கே ஏறும். இங்கே வடக்கில் தொடங்கித் தெற்கே இறங்குகிறது. கோடையில் முன்னோரை வழியனுப்பும் நாட்களில் இளைஞர்கள் தெருத்தெருவாக முரசு கொட்டி எய்சா ஆடி வருவார்கள். அந்த முரசு நெஞ்சுக்குள் விழும்!

ஒரு நாளை மட்டும் தெற்கே இருக்கும் அமைதிப் பூங்காவுக்கு ஒதுக்குங்கள். 1945 போரில் மாண்டவர்களின் பெயர்கள், இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல், எந்த நாட்டவர் என்று பார்க்காமல் கல்லில் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். அமெரிக்கர்களும் அதில் உண்டு. தீவின் பதினைந்து சதவீத நிலம் இன்னும் அமெரிக்கத் தளங்களின் கையில் இருப்பதை எல்லோரும் விரும்பவில்லை என்பதும் தெரிந்ததே. விமானச் சத்தத்தில் தூக்கம் கெடுகிற அக்கம்பக்கத்தாரின் இடத்தில் இருந்தால் எனக்கும் கோபம் வரும். அப்படியிருந்தும் கடைக்காரப் பாட்டி என் பிள்ளைகளைக் கண்டால் கருப்புச் சர்க்கரைக் கட்டி ஒன்றைக் கையில் திணிக்காமல் விடுவதில்லை.

யான்பாரு காடுதான் பாக்கி. பறக்கத் தெரியாத, 1981-இல்தான் அறிவியல் உலகுக்குத் தெரியவந்த குயினா பறவை அங்கே இருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் இந்தத் தீவை விட்டுப் போவதாயில்லை. பணி நீட்டிப்பு விண்ணப்பம் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. அவர் கையெழுத்துப் போடவேண்டியதுதான்.