நைதரசனின் ஐந்தாவது புளோரீன்

மூதூரில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்த வருடங்களில், ஆவர்த்தன அட்டவணையின் பதினைந்தாம் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை கையை உயர்த்தும். "சேர், பொசுபரசு ஐஞ்சு புளோரீனோட சேருது. அதே கூட்டத்தில மேல இருக்கிற நைதரசன் மட்டும் ஏன் மூண்டோட நிக்குது?" விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நைதரசனுக்கு டி ஓபிற்றல் இல்லை, ஆகவே எட்டு இலத்திரனுக்கு மேல் அதனால் ஏற்க முடியாது. எழுதினால் புள்ளி விழும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்த விடை போதாது என்பதை, இல்லாத ஒரு சேர்வையைப் பற்றிய ஆய்வுகளைத் தேடி வாசித்தபோதுதான் உணர்ந்தேன். அந்தச் சேர்வை நைதரசன் ஐம்புளோரைட்டு. இதுவரை யாரும் அதை ஒரு குடுவையில் பிடித்துக் காட்டியதில்லை. ஆனாலும் அதைச் சுற்றி ஒரு துறையே வளர்ந்திருக்கிறது.

இரண்டு மூலகங்களும் எங்கள் ஊருக்குப் புதியவையல்ல. வயலுக்கு இறைக்கும் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது அந்த 46 பங்கின் பெறுமதியை நாடே கண்டது. புளோரீன், புளோரைட்டாக, வறண்ட வலயத்தின் பல கிணறுகளில் கரைந்திருக்கிறது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் கறை நிற்கும். ஆனால் மண்ணிலும் நீரிலும் இந்த இரண்டும் ஒன்றையொன்று நேராகக் கைபிடிப்பதில்லை. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும்.

புளோரீனைத் தனியாகப் பிரிப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த முயற்சியில் நஞ்சேறி நோயாளியானவர்களும் உயிரை விட்டவர்களும் உண்டு. 1886இல் பாரிஸில் ஆன்றி முவாசன் மின்பகுப்பால் அதைப் பிரித்தெடுத்தார். 1928இல் ஜேர்மனியில் ஒட்டோ ரூஃப் குழுவினர், உருகிய அமோனியம் ஐதரசன் புளோரைட்டை மின்பகுத்து நைதரசன் முப்புளோரைட்டைப் பெற்றனர். வடிவத்தில் அது அமோனியாவின் உடன்பிறப்பு. குணத்தில் வேறு ஆள். அமோனியா தன் தனிச்சோடி இலத்திரனைத் தாராளமாகக் கொடுக்கும். முப்புளோரைட்டிலோ மூன்று புளோரீன்களும் இலத்திரனைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தச் சோடி முடங்கிப்போகிறது. இருமுனைவுத் திறன் அமோனியாவுக்கு 1.47 டிபாய், இதற்கு 0.23 மட்டுமே.

இந்த வாயுவை இன்று குறைகடத்திச் சில்லு செய்யும் தொழிற்சாலைகளும் தட்டைத் திரை செய்யும் தொழிற்சாலைகளும் தம் கலங்களைத் துப்புரவாக்கப் பயன்படுத்துகின்றன. மூதூர் இறங்குதுறையில் ஒரு பையன் கையில் வைத்திருக்கும் தொலைபேசிக்குப் பின்னாலும் அது இருக்கக்கூடும். காற்றில் கலந்தால், நூறு வருடக் கணக்கில், காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 17,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. 1997இன் கியோட்டோ பட்டியலில் அது இல்லை. 2012இல் தோகாவில்தான் சேர்த்தார்கள். பதினைந்து வருடம் கணக்கில் வராமலே வானத்துக்குப் போன வாயு அது என்பது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

மற்ற உறவினரைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1942இல் கிடைத்த புளோரீன் அசைட்டு வெடிக்கும் சுபாவமுடையது. பிரிந்தழியும்போது இருநைதரசன் இருபுளோரைட்டைத் தருகிறது. 1958இல் வந்த இருநைதரசன் நாற்புளோரைட்டில் இரண்டு நைதரசன்களுக்கும் இடையிலான பிணைப்பு மிகவும் மெலிந்தது. சற்றே சூடாக்கினால் இரண்டாகப் பிளக்கும், குளிரவைத்தால் மறுபடி சேரும்.

கதை திரும்பும் வருடம் 1966. நைதரசன் நான்கு புளோரீனோடு சேர்ந்த நேரேற்ற அயனை, அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் அந்த வருடத்தில் தனித்தனியே செய்து காட்டின. ஒன்றில் கார்ல் கிறிஸ்ட்டே இருந்தார். முப்புளோரைட்டு, புளோரீன், ஆசனிக்கு ஐம்புளோரைட்டு மூன்றையும் சேர்த்துப் பெற்ற வெண்ணிற உப்பு அது. அதில் நைதரசனின் ஒட்சியேற்ற எண் சக ஐந்து. இனி ஒரு புளோரைட்டு அயனை அதன் பக்கத்தில் கொண்டுவந்தால் ஐம்புளோரைட்டின் கணக்கு நிரம்பிவிடும் அல்லவா? தாளில் அப்படித்தான் தெரிந்தது.

நடந்தது அதுவல்ல. புளோரைட்டை அருகே கொண்டுவந்த ஒவ்வொரு முறையும் முப்புளோரைட்டும் புளோரீன் வாயுவுமே வெளிவந்தன. கிறிஸ்ட்டேயும் வில்லியம் வில்சனும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் சைபருக்குக் கீழே 142 பாகை செல்சியசுக்குக் குளிர்த்திப் பார்த்தும் பலனில்லை.

அதற்கு முன்னர், 1988இல் வெளிவந்த ஒரு பரிசோதனை இருக்கிறது. இந்தத் துறை முழுவதிலும் என் மனதுக்கு மிக நெருங்கியது அதுதான். கிறிஸ்ட்டே குழுவினரும் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, கதிர்த்தொழிற்பாடுள்ள புளோரீன் 18 சமதானியால் குறியிட்ட எதிரேற்ற அயனை, அந்த நாற்புளோரோ உப்பில் இருக்கச் செய்தனர். 110 நிமிடத்தில் பாதியாகத் தேயும் சமதானி அது. கை தாமதித்தால் அடையாளமே அழிந்துவிடும். உப்பு பிரிந்தழிந்த பின் குறியிட்ட புளோரீன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அளந்தார்கள். வந்த அயன் நைதரசனை ஒருமுறை தொட்டு ஐந்தோடு ஐந்தாக நின்றிருந்தால், முப்புளோரைட்டிலும் அதன் சுவடு இருந்திருக்கும். அளவீட்டின் வழுவெல்லைக்குள் அப்படி எதுவும் தெரியவில்லை. அது நைதரசனைத் தொடவே இல்லை. வெளியே நின்ற புளோரீன் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. முனைவைப் பார்த்தால் நேரேற்றம் மிகுந்த நைதரசனைத்தான் அது நாடியிருக்க வேண்டும். போக வழியில்லை. நான்கு புளோரீன்கள் வாசலை அடைத்து நின்றன.

அளவைக் கேளுங்கள். அந்த அயனில் நைதரசனுக்கும் புளோரீனுக்கும் இடைத்தூரம் சுமார் 130 பிக்கோமீற்றர். அப்படியானால் அயல் புளோரீன்கள் இரண்டுக்கும் நடுவே சுமார் 212. பிணைப்பில்லாத இரண்டு புளோரீன்கள் வழக்கமாக நெருங்கும் எல்லையோ ஏறத்தாழ 294. நான்கே முட்டிமோதிக்கொண்டுதான் நிற்கின்றன. பொசுபரசு பருமனான அணு, ஆகவே அதைச் சுற்றி ஐந்துக்கு இடம் கிடைக்கிறது. பொசுபரசு ஐம்புளோரைட்டில் கூட டி ஓபிற்றலின் பங்கு மிகச் சிறியது என்றே பிற்காலக் கணிப்புகள் சொல்கின்றன. அப்படியிருக்க, இல்லாத ஓபிற்றலை நைதரசனின் குறையாகச் சொல்வதில் நியாயமில்லை. அதன் குறை உடம்பு சிறுத்தது.

1998இல் பெட்டிங்கர், ஷ்லேயர், ஷேஃபர் மூவரும் கணினிக் கணிப்பில் இன்னொன்றைக் காட்டினார்கள். ஐம்புளோரைட்டு மூலக்கூறு எப்படியோ உருவாகிவிட்டால், உடனே சிதறாமல் சக்தியின் ஒரு சிறு பள்ளத்தில் தங்க முடியும். அந்தப் பள்ளத்துக்கு ஏறிப்போகும் பாதைதான் யாருக்கும் அகப்படவில்லை.

2016இல் போலந்தின் குர்சிட்லோவ்ஸ்கி, சலெஸ்கி இருவரும் அமுக்கத்தின் வழியே ஒரு பாதையைக் கணித்தனர். 40 கிகாபஸ்கால் அமுக்கத்தில் முப்புளோரைட்டும் புளோரீனும் தாமாகவே தாக்கமுற்று, ஐந்தையும் தாண்டி, ஆறு புளோரீன் சூழ்ந்த நைதரசன் அயனைக் கொண்ட உப்பு உருவாகலாம் என்கிறது அந்தக் கணிப்பு. எங்கள் கொட்டியாரக் குடாவிலிருந்து இறங்கும் கடற்பள்ளத்தாக்கு மூன்று கிலோமீற்றர் ஆழம்வரை போகிறது. அங்கே கடல் நசுக்கும் அமுக்கம் சுமார் 300 வளிமண்டலம். இந்த உப்புக்கு வேண்டியது ஏறத்தாழ 4 இலட்சம். இரண்டு வைர முனைகளுக்கு நடுவே அதை உண்டாக்கும் கருவி உலகின் பல ஆய்வுகூடங்களில் உண்டு. ஆனால் வைரத்துக்கு நடுவே புளோரீனை அடைத்துவைப்பது எளிய வேலையல்ல.

தோற்ற முயற்சிகள் வெறுங்கையோடு போகவில்லை. ஐம்புளோரைட்டைத் தேடிப் பழகிய அதே கையால் கிறிஸ்ட்டே 1999இல், இரண்டு நைதரசனும் ஒரு புளோரீனும் கொண்ட அயனை ஐதரசோயிக் அமிலத்தோடு சேர்த்து, ஐந்து நைதரசன் அணுக்கள் மட்டுமே கோத்த நேரேற்ற அயனைச் செய்தார். அதுவும் அதற்கு முன் தாளில் மட்டும் இருந்த பொருள்.

இப்போது அந்தக் கேள்வி வந்தால், மேசையில் ஒரு நெல்லிக்காயை வைத்து, அதைச் சுற்றி நான்கு தேசிக்காய்களை ஒட்டி நிறுத்தச் சொல்வேன். பிறகு ஐந்தாவதைக் கையில் கொடுத்து, நெல்லிக்காயைத் தொடும்படி வை என்பேன். அந்தப் பிள்ளை தேசிக்காயைத் திருப்பித் திருப்பி இடம் தேடும் வரை பொறுத்திருந்துவிட்டு, புளோரீன் 18இன் கதைக்கு வருவேன்.