இறந்து பிறந்த குழந்தையும் நம் இலக்கியமும்

பிள்ளையை இழந்த தந்தையின் துயரத்தை அரபுக் கவிதை நன்கு அறியும். இப்னுர் ரூமீ தம் நடு மகனுக்காகவும் அபுல் ஹஸன் அத்திஹாமீ தம் மகனுக்காகவும் பாடிய இரங்கற்பாக்களை அரபு இலக்கியம் கற்றோர் அறிவர். அவற்றை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். அவை நினைவுகளால் நெய்யப்பட்டவை. நோயில் வாடிய முகம், வெறுமையான வீடு என நினைவுகூர ஏதோவொன்று கவிஞனிடம் இருந்தது. ஒருமுறையும் அழாத குழந்தைக்காக அவன் எதனைப் பாடுவான்?

தமிழிலும் இதே நிலைதான். தாலாட்டுக்குக் கேட்கும் செவி வேண்டும். ஒப்பாரிக்குச் சொல்லியழ ஒரு வாழ்வு வேண்டும். இறந்து பிறந்த குழந்தை இரண்டுக்கும் இடையே விழுந்துவிட்டது. குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகப் பிறந்தாலும் வாளால் கீறும் மறக்குடி வழக்கத்தைப் புறநானூற்றின் 74ஆம் பாடல் பேசுகிறது. அங்கே குடியின் மானம் இருக்கிறது, பெற்றவள் இல்லை.

கொள்ளைநோய்கள் மீண்டும் மீண்டும் தாக்கிய ஷாமிலும் எகிப்திலும் பெற்றோருக்கான ஆறுதல் நூல்கள் தனி வகையாகவே வளர்ந்தன. இப்னு நாஸிருத்தீன் அத்திமிஷ்கீ (மறைவு ஹிஜ்ரி 842), ஸகாவீ (ஹி. 902), ஸுயூத்தீ (ஹி. 911) ஆகியோர் இத்துறையில் எழுதினர். முதலிருவரின் நூற்பெயர்களிலும் 'ஈரல்' என்ற சொல் இடம்பெறுகிறது. ஈரக்குலை என்று சொல்லும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஸகாவீயின் நூற்பெயர் பிள்ளையை இழந்ததன் 'லாபங்களையும்' பேசுகிறது. இத்தகைய நூல்கள் நன்மையின் கணக்கை விரிவாகத் தருகின்றன. தாயின் குரலுக்கோ குறைவான இடமே தருகின்றன என்பது நம் கருத்து.

விதிவிலக்காக நிற்பது இப்னு மாஜாவில் பதிவான ஓர் அறிவிப்பு. குறைப்பிரசவத்தில் இறந்த சிசு, பொறுமையோடு நன்மையை நாடிய தன் தாயைத் தொப்புள்கொடியால் சுவனத்துக்கு இழுத்துச் செல்லும் என்பது அதன் கருத்து. அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் அறிஞர்களின் விமர்சனம் உண்டு. எனினும் அந்தப் படிமத்தை நோக்குக. மருத்துவச்சி அறுத்துவிட்ட கொடி அங்கே அறுபடவில்லை. தாய்க்கும் சேய்க்கும் இடையே இருந்த ஒரே நினைவுப்பொருள் அதுதான். இச்செய்தியைச் சொல்லியே தாயின் வாயை அடைப்போர் நம்மிடையே உள்ளனர். தம் மகன் இப்ராஹீமின் மரணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்ததை ஸஹீஹுல் புகாரீ கூறுவதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

வறண்டது என்று நாம் எண்ணும் ஃபிக்ஹுதான் இக்குழந்தையை உற்றுநோக்கியது என்பது வியப்பே. உயிரின் அடையாளமின்றிப் பிறந்த சிசுவைக் குளிப்பாட்டி, பெயரிட்டு, துணியில் சுற்றி அடக்குவது ஹனஃபீ நூல்களில் தேர்வுசெய்யப்பட்ட கருத்து. அதற்குத் தொழுகை இல்லை. நான்கு மாதம் நிறைந்திருந்தால் தொழுகையும் உண்டென்பர் ஹன்பலீகள். ஆறு மாதம் நிறைந்த சிசு குறித்து ஷாஃபிஈகளான ரம்லீயும் இப்னு ஹஜர் ஹைதமீயும் வேறுபட்டனர். தொழுகை உண்டு என்பது ரம்லீயின் முடிவு. இமாம் நவவீ (ஹி. 676) தம் 'அல் அத்கார்' நூலில் பெயரிடுதலை விரும்பத்தக்கது என்கிறார். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் என்ன செய்வது? இருபாலார்க்கும் பொருந்தும் பெயர்களாக அஸ்மா, ஹிந்த், தல்ஹா போன்றவற்றைத் தேடித் தருகிறார். துஆக்களின் தொகுப்பொன்று இதற்காகச் சற்று நின்றிருக்கிறது!

இது ஏட்டளவில் நிற்கும் ஆய்வன்று. 2019இல் இந்தியாவில் சுமார் 3,40,000 குழந்தைகள் இறந்து பிறந்ததாக 2020இல் ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. 28 வாரம் கடந்த சிசுக்களின் கணக்கு அது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ சாளுக்கியப் போர்க்களமாயிருந்த மணிமங்கலம், இன்று ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் தொழிற்சாலைகளின் அயலூர். வேலைதேடி வந்து, இத்தகைய ஊர்களில் வாடகை வீட்டில் வாழும் இளம் தம்பதியருக்குத் தாய்வீடும் தொலைவு, சொந்த மஹல்லாவும் தொலைவு. தந்தை துணிச்சுருளை ஏந்திக் கபுருஸ்தானைத் தேடுகிறார். தாய் மருத்துவமனையிலேயே இருக்கிறாள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 'குழந்தை' என்ற சொல்லில் இறந்து பிறந்ததையும் அடக்கியது. அரசின் பிறப்பு இறப்புப் பதிவில் இதற்கென 3ஆம் எண் படிவமும் உண்டு. அதில் தந்தை பெயர், தாய் பெயர், பாலினம் எல்லாம் கேட்கப்படும்; குழந்தையின் பெயர் கேட்கப்படுவதில்லை.

நவவீ சொல்லும் பெயரிடுதலுக்கோ படிவமும் வேண்டாம், கபுருஸ்தான்வரை செல்லவும் வேண்டாம். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே தாய் அதனைச் செய்யலாம்.