தாவோ நெறியும் அன்றாட வாழ்வும்

தாவோ நெறியை அன்றாட வாழ்விற் கடைப்பிடித்தல் எவ்வாறு என்று விளக்கும் நூல்கள் மேனாட்டு அங்காடிகளில் மலிந்து கிடக்கின்றன. 1975 இல் பௌதிக விஞ்ஞானத்துக்கு ஒரு தாவோ நூல் வந்தது. 1982 இல் குழந்தைக் கதையொன்றின் கரடிப் பொம்மையைத் தாவோ ஞானியாக்கிய நூல் வந்தது. 1985 இல் தலைமை வகிப்போர்க்கும் ஒன்று வந்தது. இவற்றைத் தொடர்ந்து வந்தவை பல. ஆரவாரத்தை விடு, நீரோட்டத்தோடு செல், எதனையும் எதிர்த்து மல்லுக்கட்டாதே என்பதே இவற்றுட் பலவற்றின் சாரமாகும்.

களைத்துப்போன மனிதனுக்கு இவ்வறிவுரை இனிக்கின்றது. இனிப்பதனாலேயே அதனை ஆராயும் கடமை நமக்கு உண்டு. நாள் முழுதும் உழைத்துச் சோர்ந்து வீடு திரும்பும் ஒருவன் அமைதியைத் தேடுவது குற்றமன்று. ஆயின், அவன் அடங்கியிருப்பதனால் ஆதாயம் பெறுவோர் யார் என்று கேளாமல் அமைதியைப் போதிப்பது அறிவுடைமையாகாது. 'எதிர்க்காதே' என்பதை அதிகாரம் உடையவனுக்குச் சொன்னால் ஒரு பொருள். அதிகாரம் அற்றவனுக்குச் சொன்னால் முற்றிலும் வேறொரு பொருள். தாவோ நெறியின் வரலாறு முழுவதும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது என்பது நமது கருத்து.

முதலில் மூலநூலை நோக்குவோம். லாவோ ட்சு இயற்றியதாக மரபு கூறும் 'தாவோ தே ஜிங்' ஏறத்தாழ ஐயாயிரம் சீன எழுத்துகளைக் கொண்ட சிறுநூல். இன்று வழங்கும் வடிவில் 81 இயல்களாக உள்ளது. 1973 இல் மாவாங்டுயி என்னும் இடத்தில், கி. மு. 168 இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து இதன் பட்டுச் சுவடிகள் கிடைத்தன. 1993 இல் குவோதியனில் அதனினும் பழைய மூங்கிற் சுவடிகள் வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ கி. மு. 300 ஐச் சேர்ந்தவை எனக் கொள்ளப்படுகின்றன. அஃதாவது, சிற்றரசுகள் ஒன்றையொன்று விழுங்கிய போர்க்கால நாடுகளின் காலத்திலே, வரியும் படையெடுப்பும் உழவனை நசுக்கிய காலத்திலே, இந்நூல் வழங்கி வந்தது.

இந்நூலின் உயிர்நாடியான சொல் 'வு வெய்'. இதனைத் தமிழில் 'சும்மா இருத்தல்' என்று பெயர்த்துவிடும் ஆசை நமக்கு எழக்கூடும். நமது சமய மரபில் ஊறிய அத்தொடர் தனிமனிதனின் ஆன்மீக நிலையைச் சுட்டுவது. 'வு வெய்' என்பதோ பல இடங்களில் ஆள்வோனை நோக்கிக் கூறப்பட்டது: குறுக்கிடாதே, சட்டங்களைக் குவிக்காதே, மக்களின் வாழ்வை உன் விருப்புக்கு வளைக்காதே என்பது அதன் அரசியற் பொருள். மக்கள் பசித்திருப்பது மேலோர் வரியை மிகுதியாக உண்பதனாலே என்று இந்நூல் வெளிப்படையாகக் கூறுகின்றது. வயல்கள் பாழ்பட்டுக் களஞ்சியங்கள் வெறுமையாய்க் கிடக்க, பட்டுடுத்தி வாள் தரித்துத் திரியும் பிரபுக்களைக் கொள்ளையர் என்றே அது சாடுகின்றது. இந்தக் குரல் நமக்கு அந்நியமானதன்று.

ஆயினும் அதே நூல் வேறொரு முகத்தையும் காட்டுகின்றது. மக்களின் வயிற்றை நிரப்பி அவர்தம் மனத்தை வெறுமையாக்குக, அறிவு பெறாதவாறு அவர்களை வைத்திருக்க என்னும் கருத்தும் அதில் உண்டு. கருவிகள் இருந்தும் பயன்படுத்தாத, அயலூருக்கும் செல்லாத சிறு நாடே அதன் இலட்சிய சமுதாயம். கொடுங்கோலை வெறுத்த சிந்தனை முன்னோக்கிச் செல்ல வழி காணாது பின்னோக்கித் திரும்பிய நிலை இது. ஒரே நூலில் எதிர்ப்பும் பிற்போக்கும் பின்னிக்கிடப்பதை மறைத்து எழுதுவோர் அந்நூலுக்கு நீதி செய்பவர் ஆகார்.

அன்றாட வாழ்வு பற்றிய பேச்சுக்கு லாவோ ட்சுவினும் சுவாங் ட்சுவின் பெயரால் வழங்கும் நூலே நெருக்கமானது. அதில் ஞானம் உரைப்போர் பலர் தொழிலாளர். எருது அறுக்கும் சமையற்காரன் ஒருவனின் கதையைப் பலரும் அறிவர். சாதாரணமானவன் மாதம் ஒரு கத்தி மாற்றுவான், கைதேர்ந்தவன் ஆண்டுக்கு ஒன்று மாற்றுவான். இவனுடைய கத்தியோ 19 ஆண்டுகள் சென்றும் மழுங்கவில்லை. எலும்புகளின் இடைவெளியை அறிந்து அதனூடே கத்தியைச் செலுத்துகிறான். பார்த்து நின்ற பிரபு, வாழ்வைப் பேணும் வகையை அவனிடம் கற்றதாகக் கூறுகிறான். மற்றொரு கதையிலே சில்லுச் செய்யும் தச்சன் ஒருவன், அரசன் படித்துக்கொண்டிருக்கும் நூலை மாண்டவர் விட்டுச்சென்ற சக்கை என்கிறான்; கைப்பழக்கத்தால் வரும் நுண்மையைத் தன் மகனுக்குக்கூடச் சொல்லால் உணர்த்த முடியவில்லை என்பது அவன் காட்டும் சான்று. புத்தகமே கல்வி என்று நம்பும் ஆசிரியராகிய நமக்கு இது தக்க அடி.

இவ்விடத்தில் ஒன்றை நாம் அழுத்திக் கூறவேண்டும். சமையற்காரன் சும்மா இருக்கவில்லை. அவன் உழைக்கிறான், ஆண்டுக்கணக்கான பயிற்சியினாலே பொருளின் இயல்பை அறிந்து உழைக்கிறான். கடினமான மூட்டு எதிர்ப்படும்போது வேகத்தைக் குறைத்துக் கண்ணூன்றி நிற்கிறான். அவனுடைய எளிமை கடின உழைப்பின் விளைவு. தாவோ நெறியினர் இயற்கையைக் கூர்ந்து நோக்கியவர், கைத்தொழிலாளரோடு நெருங்கி நின்றவர், நிலப்பிரபுத்துவத்தை வெறுத்தவர் என்று யோசப் நீடாம் 1956 இல் வெளியான தமது சீன விஞ்ஞான வரலாற்றின் இரண்டாம் தொகுதியில் வாதித்தமை இத்தகைய பகுதிகளை மனத்திற் கொண்டே எனலாம். எனினும் அதே சுவாங் ட்சு நூலில், நீரிறைக்கும் பொறியை மறுத்துக் குடத்தாலே நீர் மொண்டு ஊற்றும் தோட்டக்காரக் கிழவனும் போற்றப்படுகிறான். பொறி இருந்தால் மனமும் பொறியாகிவிடும் என்பது அவனது அச்சம். அச்சத்தில் உண்மை உண்டு. ஆனால் நீர் சுமக்கும் முதுகின் வலியையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

தாவோ நெறி தனிமனிதனின் மன அமைதியாக மட்டும் என்றும் இருந்ததில்லை என்பதற்கு வரலாறு சான்று. கி. பி. 184 இல் ஹான் பேரரசை உலுக்கிய மஞ்சட் தலைப்பாகைக் கிளர்ச்சியின் தலைவர் ஜாங் ஜுவே 'பேரமைதியின் வழி' என்னும் தாவோ இயக்கத்தைச் சேர்ந்தவர். ஏறத்தாழ அதே காலத்தில் ஹான்ஜொங் பகுதியில், ஐந்துபடி அரிசி இயக்கத்தினர் வழிப்போக்கருக்கென விடுதிகள் அமைத்து அரிசியும் இறைச்சியும் வைத்தனர். விலை கிடையாது, பசிக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளலாம், தேவைக்கு மிஞ்சி எடுத்தவனைத் தெய்வம் நோயால் தண்டிக்கும் என்றனர். 215 இல் அப்பகுதி சாவ் சாவிடம் பணிந்தது. நம்பிக்கையின் மூடத்தன்மையை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் தாவோவை அன்றாட வாழ்வாக்குதல் என்றால் பசித்தவன் உண்ணும் விடுதி என்று உழவர் விளங்கிக்கொண்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

நவீன இலக்கியத்தில் இந்நெறியை உரைத்துப் பார்த்த இருவரை இனி நோக்குவோம். ஒருவர் சீனத்தின் லூசுன். மற்றவர் ஜேர்மனியின் பேர்தோல்ட் பிறெக்ட். லூசுன் தாம் மறைந்த 1936 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பழங்கதை புதிது' என்னும் தொகுதியில் 'கணவாயைக் கடத்தல்' என்னுங் கதை உள்ளது. லாவோ ட்சு நாட்டை விட்டு நீங்குகையில் கணவாய் அதிகாரிகள் அவரைத் தடுத்து விரிவுரை செய்விக்கின்றனர். கேட்போர் கொட்டாவி விடுகின்றனர். அவரது காதற் கதையைக் கேட்கலாம் என்று வந்ததாக ஒருவன் குறைப்படுகிறான். பின்னர் நூல் எழுதுமாறு செய்து, கூலியாக உப்பும் எள்ளும் 15 மாப்பண்டங்களும் கொடுத்தனுப்புகின்றனர். அவர் சென்றதும் அந்த ஞானநூல், பறிமுதல் செய்த உப்பும் துணியும் அவரையும் கிடக்கும் தட்டிலே போய்ச் சேர்கின்றது. கிழவரிடத்து ஆசிரியர் தம்மையே வரைந்தார் என்று சிலர் கருதியபோது லூசுன் அதனை மறுத்து எழுதினார். செயலற்று வாய்ச்சொல்லில் மட்டும் பெரியவராயிருந்த ஒருவராகவே லாவோ ட்சுவைத் தாம் கண்டதாக அவர் தெளிவுறுத்தினார்.

அதே தொகுதியில் நாடகவடிவில் அமைந்த 'மாண்டவனை எழுப்புதல்' இன்னும் கூர்மையானது. சுவாங் ட்சு வழியிற் கண்ட மண்டையோட்டுக்கு உயிர் கொடுக்கச் செய்கிறார். 500 ஆண்டுகளுக்கு முன் மாண்டவன் நிர்வாணமாக எழுந்து தன் உடையையும் மூட்டையையும் கேட்கிறான். உடுத்தலே சரியோ, உடாதிருத்தலே சரியோ, யார் அறிவார் என்று ஞானி தத்துவம் பேசுகிறார். அவனோ உடை கேட்கிறான். தமது அங்கியைக் கழற்றிக் கொடுக்க ஞானிக்கு மனமில்லை. அவர் அரசனைக் காணச் செல்பவர். முடிவில் அவர் பொலிஸ்காரனை அழைக்க ஊதுகுழலை ஊதுகிறார்! வந்தவனோ, தன் மேலதிகாரி அவருடைய நூலைச் சுவைத்துப் படிப்பவர் என்று அறிந்து அவரைப் பணிவோடு அனுப்பி வைக்கிறான். எல்லாம் ஒன்றே என்னும் தத்துவம் உடையில்லாதவன்முன் நிற்கும்போது யார் பக்கம் சாய்கின்றது என்பதை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது.

பிறெக்ட் அதே கணவாய்க் கதையை 1938 இல் கவிதையாக்கினார். நாஜிகளுக்குத் தப்பி 1933 இல் நாட்டை நீங்கிய அவர் அப்போது டென்மார்க்கில் அகதியாக வாழ்ந்தார். அவருடைய கவிதையில் லாவோ ட்சுவைத் தடுப்பவன் ஒட்டுப்போட்ட சட்டையும் வெறுங்காலுமாய் நிற்கும் ஏழைச் சுங்கக்காரன். மென்மையான நீர் காலப்போக்கில் வன்மையான கல்லை வெல்லும் என்று ஞானி கண்டறிந்ததாக உடன் வந்த சிறுவன் சொல்ல, யார் யாரை வெல்வார் என்பது தனக்கும் வேண்டிய செய்தி என்று அவன் ஓடிவந்து கேட்கிறான். எழுதித்தருமாறு வற்புறுத்தி, ஏழு நாள் உணவளித்து நூலைப் பெறுகிறான். ஞானியிடமிருந்து ஞானத்தைக் கேட்டு வாங்கிய அவனுக்கும் நன்றி கூறிக் கவிஞர் முடிக்கிறார். 1939 இல் பிரான்சில் வாழ்ந்த ஜேர்மன் அகதிகளிடையே இக்கவிதை வாய்மொழியாகப் பரவிப் பொறுமையும் உறுதியும் அளித்ததென ஹன்னா அரண்ட் எழுதியுள்ளார்.

ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளியில், ஒடுக்குமுறையின் நடுவே எழுதிய இரு முற்போக்காளர் ஒரே கதையிலிருந்து எதிரெதிரான முடிவுக்கு வந்தமை வியப்பாகத் தோன்றலாம். நோக்குமிடத்து முரண்பாடு இல்லை. லூசுனின் கணவாயில் இருப்போர் அதிகாரம் உடையவர், கேள்வி அற்றவர். பிறெக்டின் கணவாயில் நிற்பவன் அதிகாரம் அற்றவன், கேள்வி உடையவன். முன்னவர் கையில் தாவோ பறிமுதல் சரக்காகின்றது. பின்னவன் கையில் ஆயுதமாகின்றது. குறையும் இருவரிடத்து உண்டு. வரி உண்போரைச் சாடிய லாவோ ட்சுவை லூசுன் காணவில்லை. மக்களை அறியாமையில் வைக்கச் சொன்ன லாவோ ட்சுவைப் பிறெக்ட் பேசவில்லை. இருவரையும் சேர்த்துப் படிப்பவனே முழுமையைக் காண்பான்.

இவ்விவாதம் பழங்கதையன்று. காலை 9 மணி தொடக்கம் இரவு 9 மணி வரை, வாரத்தில் 6 நாள் உழைக்கும் முறை சீனத்தின் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில் வேரூன்றியது. 2019 இல் ஜாக் மா என்னும் பெருமுதலாளி அதனைப் பெரும் பேறு என்று போற்றினார். வாரத்துக்குச் சராசரி 44 மணிநேரத்துக்கு மேற்படலாகாது என்பது அந்நாட்டுத் தொழிற்சட்டம். 2021 இல் 'படுத்துக்கிடத்தல்' என்னும் சொல் இளைஞரிடையே தீயெனப் பரவியது: மிகையாக உழையாதே, வீடு வாங்க ஓடாதே, குறைந்த தேவையோடு கிட என்பது அதன் பொருள். அச்சொல்லைப் பரப்பிய குறிப்பு கிரேக்க ஞானி டயோஜெனிசையே துணைக்கழைத்தது. ஆயினும் பலர் அதில் சுவாங் ட்சுவின் சாயலைக் கண்டனர். அவ்வாண்டு ஓகஸ்டில் உச்ச மக்கள் நீதிமன்றம் அவ்வேலைமுறை சட்டவிரோதமெனத் தெளிவுபடுத்தியது. ஒக்டோபரில் அரசுத் தலைவரின் கட்டுரையொன்று படுத்துக்கிடத்தலைத் தவிர்க்குமாறு கூறியது.

படுத்துக்கிடக்கும் இளைஞனைச் சோம்பேறி என்று ஏசுதல் எளிது. நாம் அவ்வாறு ஏசமாட்டோம். 72 மணிநேர வாரத்தைப் பேறு என்று போற்றும் சமுதாயத்தில் எழ மறுப்பதும் ஒரு விமர்சனமே. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே படுத்துக்கிடந்தால் வேலைமுறை மாறாது. அவ்விடத்துக்கு வேறொருவன் அமர்த்தப்படுவான். குடும்பச் சுமை உள்ளவனால் படுக்கவும் இயலாது. நீர் கல்லை வெல்வது உண்மை. ஆயின் தனித் துளி கல்லில் விழுந்து காய்ந்துபோகும். ஓடும் நீரே கல்லைத் தேய்க்கின்றது. அன்றாடத் தாவோ பேசும் நூல்கள் நீரின் மென்மையைப் போற்றுகின்றன. அதன் திரட்சியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆகவே தாவோ நெறியை முழுதும் தள்ளிவிடுதல் நமது நோக்கமன்று. தொழிலை அதன் இயல்பறிந்து செய்யும் சமையற்காரனின் நுண்மை நமக்கு வேண்டும். பகட்டையும் பதவி வேட்டையையும் இகழும் நெஞ்சுரம் வேண்டும். தேவைக்குமேல் எடாத விடுதியின் ஒழுக்கமும் வேண்டும். வேண்டாதது ஒன்றே: ஆள்வோனை நோக்கிச் சொன்ன அடக்கத்தை ஆளப்படுவோன் தலையிற் கட்டும் மோசடி. மாணவரும் ஆசிரியரும் இனி இத்தகைய நூலொன்றைக் கையில் எடுக்கும்போது, இது யாரை நோக்கி அமைதியாக இருக்கச் சொல்கின்றது என்று முதலிற் கேட்பாராக. உடையில்லாதவன் உடை கேட்டு நிற்கும்போது, அவனுக்குத் தத்துவம் சொல்வதற்கு முன் தன் அங்கியைக் கழற்றிக் கொடுப்பவனே வழியை அறிந்தவன்.