டப்பாவில் வரும் பீரும் கைப்பக்குவமும்

பீர் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கும் அதற்கும் ஒட்டும் உறவும் இல்லை என்று நினைப்பவர்கள் பெரும்பாணாற்றுப்படையை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்தச் சங்க நூலில், வீட்டில் கள் சமைக்கும் முறை படிப்படியாக வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவைக்கிறார்கள். முளைநெல் சேர்ந்தது என்று உரைகள் சொல்லும் அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, சாடியில் முதிரவைத்துப் பிழிகிறார்கள். மரத்தில் இறக்கும் கள்ளிலிருந்து வேறுபட்ட, தானியத்தில் விளைந்த பானம் இது. செய்முறைப்படி பார்த்தால் பீரின் நெருங்கிய உறவு. நான் பின்னால் பேசப்போகும் திருத்தணி, இளந்திரையன் ஆண்ட தொண்டை மண்டலத்தின் வடபகுதியில் இருக்கும் ஊர்.

இன்று லண்டனிலோ டொராண்டோவிலோ மெல்போர்னிலோ இருக்கும் ஒருவர் வீட்டில் பீர் செய்ய விரும்பினால் இத்தனை பாடும் பட வேண்டாம். கடையில் ஒரு டப்பா வாங்கினால் போதும். சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை என்று பிரிட்டன் 1963இல் அறிவித்தது. அமெரிக்காவில் அதிபர் கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டம் அதே வழியைத் திறந்தது. டப்பாவுக்குள் சுமார் 1.7 கிலோ மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய தானியத்தின் பாகு, இருக்கும். ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு அதில் முன்பே ஏற்றப்பட்டிருக்கும். மூடிக்கு அடியில் சிறு ஈஸ்ட் பொட்டலம். வெந்நீரில் பாகைக் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டர் வரை தண்ணீர் ஊற்றி, ஈஸ்டைத் தூவி மூடிவைக்க வேண்டும். செய்முறைத்தாள் சொல்வது ஏறக்குறைய இவ்வளவுதான்.

இந்த முறையை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. பார்லியை முளைகட்டி உலர்த்தி, நொறுக்கி, 65 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஊறவைத்தால்தான் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகும். பிறகு வடிகட்டி, ஹாப்ஸோடு இன்னொரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். அரைநாள் உழைப்பும் பெரிய அண்டாவும் கேட்கும் இந்த வேலையைத் தொழிற்சாலை செய்து முடித்துத் தருகிறது. சின்ன அடுக்களை உள்ளவரும் தொடங்கலாம், செலவும் குறைவு. முதல் முறை செய்பவர் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தடுமாறாமல், புளிக்கவைப்பதை மட்டும் கவனித்துக் கற்கலாம். டப்பா முறையின் மிகப் பெரிய பலம் இதுதான் என்பேன்.

குறைகள் எங்கே தொடங்குகின்றன? முதலில் அந்த ஒரு கிலோ சர்க்கரையில். வெள்ளைச் சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடும். போதை ஏறும், சுவையில் உடல் இருக்காது. சர்க்கரைக்குப் பதிலாக மால்ட் தூளோ இரண்டாவது டப்பாவோ சேர்த்தால் பானம் திடம் பெறும். அடுத்தது பாகின் வயது. நாள்பட்ட பாகு கறுத்து, பழைய வாடை ஏறிவிடும். மூடிக்கடியில் வெப்பத்தில் கிடந்த ஈஸ்டும் வலுவிழந்திருக்கும். ஹாப்ஸின் கசப்பு பாகில் தங்குகிறது, மணம் தங்குவதில்லை. பாகைச் சுண்டக் காய்ச்சும்போதே அது ஆவியாகிப் போய்விடுகிறது. புது ஈஸ்டும், கடைசியில் சேர்க்கும் ஒரு பிடி ஹாப்ஸும் இவற்றைச் சரிசெய்துவிடும்.

பொருளின் குறைகளைக் காசு கொடுத்துத் தீர்க்கலாம். அதைவிடப் பெரிய குறை, மூடிவைத்ததோடு வேலை முடிந்தது என்று டப்பா தரும் நம்பிக்கை. உண்மையில் வேலை அங்கேதான் ஆரம்பம். ஏல் வகை ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரி வெப்பத்தில் சுத்தமாக வேலை செய்யும். முப்பதைத் தாண்டினால் காரமான கனத்த ஆல்கஹால்கள் உண்டாகி, தொண்டை எரியும், தலை வலிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மருந்து நாற்றம் வரும். பாத்திரமும் குழாயும் கிருமி நீங்கிச் சுத்தமாக இல்லாவிட்டால் பீர் புளித்துக் கெடும். அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால், மிச்சமிருக்கும் சர்க்கரையும் புளித்து அழுத்தம் கூடிப் பாட்டில் வெடிக்கும். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் அளவு இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே அடைக்க வேண்டும். ஒரு வாரத்தில் முடிக்கச் சொல்லும் தாளை நம்பாமல் இரண்டு வாரம் பொறுத்திருப்பவருக்கே நல்ல பீர் கிடைக்கும்.

பக்குவம் தெரிந்து காத்திருக்கும் இந்த அறிவு திருத்தணிப் பக்கத்து வீடுகளுக்குப் புதிதல்ல. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் வார்க்கும் கேழ்வரகுக் கூழ் அந்த அறிவில் விளைந்தது. மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைப்பார்கள். வெயில் காலத்தில் நேரத்தைக் குறைப்பார்கள், மழைக்குளிரில் கூட்டுவார்கள். பானையைத் திறந்து மோந்து பார்த்ததுமே பதம் தெரிந்துவிடும். அங்கே வேலை செய்வது ஈஸ்டைவிட லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். புளிப்பு ஏற ஏற, நோய் பரப்பும் கிருமிகள் பல தலையெடுக்க முடியாமல் போகின்றன. இரும்பையும் கால்சியத்தையும் கட்டிவைத்திருக்கும் ஃபைட்டேட் குறைகிறது. கைக்குழந்தைக்குக் கஞ்சி வைக்கக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைக்கிறார்களே, அது மால்ட் செய்யும் வேலையேதான். முளைத்த தானியத்தின் நொதி மாவுச்சத்தை உடைப்பதால்தான் அந்தக் கஞ்சி கட்டியாகாமல், இனிப்போடு இளகி வருகிறது. சிக்கிமிலும் நேபாளத்திலும் இதே கேழ்வரகிலிருந்து வீட்டில் மதுபானமே செய்கிறார்கள்.

அப்படியானால் திருத்தணியில் ஒருவர் டப்பா வாங்கிப் பீர் செய்யலாமா? கூடாது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது குற்றம். சில மைல் தள்ளி ஆந்திரத்தில் உரிமத்தோடு கள் இறக்கி விற்கலாம், இங்கே 1987இலிருந்து கள்ளுக்கும் தடை. வீட்டில் பீர் காய்ச்ச எல்லைக்கு அந்தப் பக்கமும் உரிமம் வேண்டும். சட்டம் தடுக்காவிட்டாலும் கோடையில் நாற்பதைத் தொடும் வெயிலில், குளிரூட்டும் வசதி இல்லாமல் டப்பா ஈஸ்ட் நல்ல பீர் தராது.

வீட்டில் காய்ச்சியது என்றாலே விஷச்சாராயம்தான் என்ற அச்சம் இங்கே ஆழமாக இருக்கிறது. 2023இல் மரக்காணமும் 2024இல் கள்ளக்குறிச்சியும் கண்ட சாவுகளுக்குப் பிறகு அந்த அச்சத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அங்கே உயிரைப் பறித்தது தொழிற்சாலை மெத்தனால். தானியம் புளிப்பதால் அப்படிக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அறிவியலுக்குப் பொருந்தாது. மறுபக்கம், இயற்கையாகப் புளித்தது என்பதாலேயே பீர் தீங்கற்றது ஆகிவிடாது. குடியால் குலைந்த குடும்பங்கள் ஏராளமாக உள்ள ஒரு மாநிலத்தில், வீட்டுக்குள்ளேயே ஊற்று திறந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குக் கனம் உண்டு. சட்டம் தளர வேண்டும் என்று நான் வாதாடவில்லை. புளிக்கவைக்கும் அறிவே இழிவானது என்ற எண்ணம் போக வேண்டும் என்பதே என் கட்சி.

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் வாழ்பவருக்கு டப்பா நல்ல தொடக்கம். முதல் முறை தாளில் உள்ளபடி செய்யட்டும். அடுத்த முறை சர்க்கரையை மாற்றட்டும், பிறகு ஈஸ்டை மாற்றட்டும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தட்டும். ஒரு கட்டத்தில் தானியத்தையே முளைகட்டிப் பார்க்கட்டும். கேள்வி கேட்கத் தூண்டும் வரையில் டப்பா ஆசான். வருடக்கணக்காக அதே தாளைப் பின்பற்றவைத்தால் அது வெறும் வியாபாரம். இந்த அளவுகோல் ஊருக்கும் பொருந்தும். கடைகளில் விற்கும் உடனடிக் கூழ்மாவுப் பொட்டலத்தில் கேழ்வரகு இருக்கிறது, ஒரு ராத்திரி காத்திருந்து பதம் பார்க்கும் வேலைக்கு அதில் இடமில்லை. உழைப்பைக் குறைக்கும் பொருள் எதுவானாலும் வாங்கலாம். பக்குவம் பார்க்கும் பொறுப்பையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளும் பொருள் எவ்வளவு மலிவாக வந்தாலும் நமக்கு நட்டம்தான்.