வன்தட்டுக்கு மலிவு வைத்தியம்: ஒரு மதிப்பீடு

கணிப்பொறியின் வன்தட்டு, அதாவது கடையில் நாம் ஹார்ட் டிஸ்க் என்று கேட்டு வாங்கும் பொருள், பழுதடைந்தால் அதிலுள்ள கோப்புகளைச் செலவின்றி மீட்பது எப்படி என்று சொல்லும் குறிப்புகளும் காணொளிகளும் இன்று தமிழில் ஏராளம். அவற்றின் நோக்கம் நல்லதே. ஆயினும் இயற்பியல் நோக்கில் எடை போட்டால் சில சரியானவை. சில பாதி சரியானவை. சில கேடு விளைவிப்பவை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வாசகர்களுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஷூவின் மேற்பகுதியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பில், கணக்கு, வெட்டு வடிவங்கள் அனைத்தும் ஒரே கணிப்பொறியில் இருக்கும். 2017-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவோ, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. வன்தட்டு போனால் வரி அலுவலருக்குக் காட்டவும் ஏடு இல்லை. வரவேண்டிய பாக்கியைக் கேட்கவும் சான்று இல்லை.

நோயறியாத மருந்து

இக்குறிப்புகளின் முதற்குறை, நோயைக் கேளாமலே மருந்து சொல்வது. வன்தட்டுக்கு வரும் நோய்கள் இரு வகை. கோப்பைத் தவறி அழித்துவிட்டோம், அல்லது தட்டின் அட்டவணை குலைந்தது என்றால் தட்டு நலமாகவே இருக்கிறது. நூலகத்தில் புத்தகம் அலமாரியிலேயே இருக்க, அட்டவணைச் சீட்டு மட்டும் கிழிந்த நிலை அது. ஆனால் தட்டு 'டிக், டிக்' என்று ஒலித்தால், சுழலாதிருந்தால், அல்லது ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிடங்கள் எடுத்தால், நோய் உடலிலேயே இருக்கிறது.

அந்த உடல் எத்தகையது? மேசைக் கணிப்பொறியின் தட்டு ஏறக்குறைய 95 மில்லிமீட்டர் விட்டமுடையது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்வது. கணக்கிட்டுப் பாருங்கள்: அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. படிக்கும் முனையோ தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 70,000 நானோமீட்டர். தோலைத் தேய்த்து மெருகேற்றும்போது பறக்கும் தூசியில் ஒரு துகள் உள்ளே புகுந்தாலும், முனைக்கு அது ஒரு பாறை. ஆகவே, வீட்டிலேயே மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லும் காணொளியை அவ்விடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

குளிர்பெட்டியும் பலகை மாற்றமும்

வன்தட்டைக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்தெடுத்தால் உயிர் பெறும் என்பது புகழ்பெற்ற வைத்தியம். குளிரில் உலோகம் சுருங்கும். இறுகிய பாகம் நெகிழலாம் என்பது இதன் வாதம். வாதத்தின் மறுபாதியைச் சொல்வோர் இல்லை. குளிர்ந்த நீருள்ள தம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் அறிவோம். ஹீலியம் அடைத்த புதுவகைத் தட்டுகள் நீங்கலாக, வன்தட்டில் காற்று போய்வர வடிகட்டியுடன் சிறு துளை உண்டு. குளிர்ந்த தட்டை ஈரக்காற்றில் எடுத்து ஓட்டினால் உள்ளேயும் பனி படியலாம். சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனைக்கு நீர்ப்படலம் எமன்.

சென்னை ரிச்சி தெருவில் அதே மாதிரிப் பழைய தட்டை வாங்கி, அதன் மின்சுற்றுப் பலகையை மாற்றச் சொல்வது பாதி சரியானது. இன்றைய பலகைகளில், அந்தந்தத் தட்டுக்கென ஆலையிலேயே அளந்து பதித்த விவரங்கள் ஒரு நினைவகச் சில்லில் இருக்கும். அச்சில்லையும் மாற்றிப் பற்றவைக்காவிடில் பெரும்பாலும் பயனில்லை.

ஆனால் எளிய வைத்தியம் ஒன்றைப் பாராட்டவே வேண்டும். வெளிப்புறப் பலகையின் திருகுகளை மட்டும் கழற்றி, கறுத்துப்போன தொடுபுள்ளிகளை அழிப்பானால் மென்மையாகத் துடைப்பது அது. உள்ளறை திறக்கப்படுவதில்லை. நம் வட்டாரத்திற்கு இது பொருத்தமானது. தோலின் மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு கலந்த கழிவு அமிலத்தைச் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். வெள்ளியையும் செம்பையும் அது கறுக்கச் செய்யும்.

கொலம்பியா தரும் பாடம்

எரிந்த தட்டையே மீட்டார்கள், உங்களுடையது எம்மாத்திரம் என்று சிலர் கொலம்பியா விண்ணோடத்தைச் சான்று காட்டுவர். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரோடு அது சிதறியது. செனான் வாயுவின் பாகுநிலை குறித்த சோதனைப் பதிவுகள் அதன் வன்தட்டு ஒன்றிலிருந்து ஏறக்குறைய 99 விழுக்காடு மீட்கப்பட்டன. முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. செய்தி உண்மையே. ஆனால் அதைச் செய்தது வல்லுநர் ஆய்வகம். மேலும் தகவல் சிதறாமல் தட்டின் ஒரு பகுதியில் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்தது. சேதமோ எழுதப்படாத பகுதியில். திறமையோடு நற்பேறும் சேர்ந்த நிகழ்ச்சியை மலிவு வைத்தியத்துக்குச் சான்றாக்குவது முறையன்று.

இலவச நிரல்கள்

கிறிஸ்தோஃப் கிரெனியே உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசமானவை, நம்பத் தகுந்தவை. முன்னது குலைந்த அட்டவணையைச் சீராக்கும். பின்னது அட்டவணையைப் பாராமல், கோப்பின் தொடக்க அடையாளத்தைக் கொண்டே அதைத் தேடி எடுக்கும். அதனால் கோப்பின் பெயரும் இருந்த இடமும் போய்விடும். படமெடுத்து வைத்த பில்கள் கிடைக்கும்; பல கோப்புகளாகப் பின்னிக் கிடக்கும் கணக்குத் தொகுப்பு அப்படியே எழுந்து வரும் என்று எதிர்பார்க்க இயலாது. இக்குறையைக் குறிப்புகள் சொல்வதில்லை.

அதனினும் பெரிய தவறு, நோயுற்ற தட்டிலேயே இவற்றை ஓட்டச் சொல்வது. விண்டோஸின் 'செக்டிஸ்க்' கட்டளையைக் கொடுக்கச் சொல்வது இன்னும் மோசம். திருத்தச் சொல்லி ஓட்டினால் அது தளர்ந்த தட்டை உழச் செய்வதோடு, அதன்மேல் எழுதவும் கூடும். முதலில் நகல், பிறகே தேடல். அந்த நகலுக்கு உரியது அந்தோனியோ டியாஸ் எழுதிய இலவச நிரலான ஜி.என்.யு. டிடிரெஸ்கியூ. நலமான பகுதிகளை முதலில் படித்துவிட்டு, பழுதான இடங்களைக் குறித்துக்கொண்டு பின்னர் திரும்பி வரும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தேவை, அதே கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள இன்னொரு தட்டு மட்டுமே. குறையும் உண்டு: மூலம் எது, நகல் எது என்பதை மாற்றிக் கொடுத்தால் உள்ளதும் அழிந்துபோகும். 'டிக், டிக்' ஒலிக்கும் தட்டுக்கு இதுவும் உதவாது. அதனை அணைத்து வல்லுநரிடம் கொடுப்பதே வழி.

எஸ்.எஸ்.டி. வகைக்கு நூலக உவமை பொருந்தாது. கோப்பை அழித்ததும் கணிப்பொறி செய்தி அனுப்ப, அச்சாதனம் பொதுவாக அவ்விடத்தைத் தானே துடைத்துவிடும்.

மலிவு வைத்தியம் வேண்டாம் என்பதல்ல நம் முடிவு. அணை, நோயை அறி, நகலெடு, நகலில் தேடு என்ற வரிசையில் சொல்லப்பட்டால் அதனால் பயனுண்டு. தமிழில் எழுதுவோர் இவ்வரிசையைக் கட்டுரையின் தலையிலேயே வைக்க வேண்டும். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இன்றே ஒரு நகல் எடுங்கள், அதைப் பட்டறையிலேயே வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததைப் பார்த்தவர்கள் நாம். ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு தட்டுகளும் ஒரே வெள்ளத்தில்தான் நனையும்.